முதுகைப் பார்த்து வாங்கிய கார்டுராய்

வரி வரியாக மேடும் பள்ளமும் உள்ள கார்டுராய் துணியை வாங்கும்போது எல்லோரும் அதன் முகத்தைத்தான் பார்க்கிறோம். வரி பெரிதா சிறிதா, நிறம் பிடிக்கிறதா, தடவினால் மெத்தென்று இருக்கிறதா, அவ்வளவுதான். அப்பாவுக்கு ஒரு ஜாக்கெட் தைத்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். துணி எதற்குப் பொருந்தும் என்பதை அதன் முகம் சொல்லும். எத்தனை காலம் உழைக்கும் என்பதை முதுகுதான் சொல்லும். கடையில் துணியைத் திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவில் அதிகம் சொல்லப் போகிறேன். வெட்டுவதும் தைப்பதும் அப்புறம் வரும்.

நாங்கள் இருப்பது குன்னூரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். மார்கழி, தை மாதங்களில் காலையில் கதவைத் திறந்தால் மூச்சு புகையாகப் போகும். அப்பா அந்த நேரத்தில்தான் நடக்கக் கிளம்புவார். ஸ்வெட்டர் அவருக்குப் பிடிக்காது. தலை வழியாக மாட்டிக் கழற்றும்போது தோள் வலிக்கிறது என்பார். ஜிப் வைத்த நைலான் ஜாக்கெட் சலசலக்கிறது என்பார். அவர் கேட்டது இவ்வளவுதான்: முன்னால் பட்டன், மடித்த காலர், கண்ணாடிக் கூடும் பணப்பையும் வைக்க இரண்டு பெரிய பாக்கெட், துவைத்துத் துவைத்துப் போட வேண்டும். கம்பளித் துணி என்றால் லாண்டரிக்குக் கொடுக்க வேண்டிவரும். ஃபிளானல் இந்தக் குளிருக்குப் போதாது. பருத்தியில் கனமும் வேண்டும், கதகதப்பும் வேண்டும், வீட்டிலேயே துவைக்கவும் வேண்டும் என்றால் கார்டுராய்தான்.

இதன் கதகதப்புக்குக் காரணம் அந்த வரிகளுக்குள் நிற்கும் காற்றுதான். வரிகள் எப்படி வருகின்றன என்று தெரிந்துகொண்டால், கடையில் என்ன பார்க்க வேண்டும் என்பது தானாகப் புரிந்துவிடும்.

சாதாரணத் துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்று, குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்று. கார்டுராயில் ஊடை இரண்டு வகை. ஒன்று பாவோடு பின்னிக்கொண்டு அடித்துணியாகிறது. இன்னொன்று அடித்துணிக்கு மேலே பல பாவு நூல்களைத் தாண்டித் தாண்டி மிதந்து போகிறது, இடையிடையே மட்டும் கீழே இறங்கிக் கட்டுப்படுகிறது. தறியிலிருந்து இறங்கும்போது துணியில் வரி எதுவும் எழும்பி நிற்காது. அப்புறம் அந்த மிதக்கும் நூல்களின் நட்டநடுவே, துணியின் நீளவாக்கில், வட்டக் கத்திகள் ஓடுகின்றன. அறுபட்ட நுனிகள் இரண்டு பக்கமும் எழுந்து நிற்கின்றன. இவைதான் ரோமம். துலக்கித் துலக்கி அவற்றை உருட்டிவிட்டால் வரி வந்துவிடும். ஆக, இரண்டு வரிகளுக்கு நடுவே நாம் பார்க்கும் பள்ளம் கத்தி ஓடிய தடம். வரியின் முகட்டுக்கு நேர் கீழேதான் நூல் அடித்துணியோடு கட்டப்பட்ட இடம் இருக்கிறது.

இந்தக் கத்தி வேலையை ஒரு காலத்தில் கையால்தான் செய்தார்கள். இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சுற்றிய ஊர்கள் இதற்குப் பேர் போனவை. நீளமான மேசையில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, ஊசி போல மெலிந்த நீளக் கத்தியை மிதக்கும் நூல்களுக்கு அடியில் நுழைத்து, மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தபடியே ஒவ்வொரு தடமாக அறுப்பார்கள். ஒரு துணி முடிவதற்குள் எத்தனை தடம், எவ்வளவு நடை! கொஞ்சம் கை பிசகினாலும் கத்தி அடித்துணியைக் கிழித்துவிடும். அப்படித் தயாரான துணி பெரும்பாலும் போனது உழைப்பாளிகளின் காற்சட்டைக்கு. யார்க்‌ஷயர் மலைப்பக்கம் உள்ள ஹெப்டன் பிரிட்ஜ் என்ற ஊர் இந்தக் கனத்த பருத்தித் துணிகளை நெய்து, தைத்து விற்றே ‘ட்ரவுசர் டவுன்’ என்று பெயர் வாங்கியது.

இன்று இயந்திரம் அறுக்கிறது. ஆனாலும் கத்தி அடித்துணியைத் தொடும் பிசகு இல்லாமல் போகவில்லை. அதனால் முதல் சோதனை இதுதான்: துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். பள்ளங்களின் வழியே வெளிச்சம் மெலிதாக, ஒரே சீராகத் தெரியலாம். அது சரி. எங்காவது ஊசி குத்தியது போலப் பளிச்சென்று ஒரு புள்ளி தெரிந்தால் அது கத்தி பட்ட இடம். முதல் சலவையில் தெரியாது. முழங்கை மடங்கி மடங்கி இழுபடும் இடத்தில் அந்தப் புள்ளி வந்து உட்கார்ந்தால் ஓட்டையாகிவிடும். ஏற்றுமதியில் கழிந்த சரக்கு வாங்கும்போது இதைப் பார்க்காமல் விடவே கூடாது.

முதுகில் என்ன பார்ப்பது

துணி எடுக்க ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குப் போனேன். கடைக்காரர் நாலைந்து ரோல்களை இறக்கிப் போட்டு, “எல்லாம் ஒரே ரகந்தானுங்க்கா. கோடுதான் பெருசு, சிறுசு” என்றார். மேலே பார்த்தால் அவர் சொல்வது சரி என்றுதான் தோன்றும். திருப்பிப் பார்த்தால் இரண்டு இனம் தனியாகத் தெரிந்தது.

ஒன்றின் பின்புறம் வேட்டித்துணி போலச் சாதா நெசவு, ஒரு நூல் மேலே ஒரு நூல் கீழே. இன்னொன்றின் பின்புறம் ஜீன்ஸின் உள்பக்கத்தில் இருப்பது போலச் சாய்ந்த கோடுகள், அதாவது ட்வில். ட்வில் முதுகில் நூல்களை இன்னும் நெருக்கி அடிக்க முடியும். அதனால் ரோமம் இறுக்கமாக நிற்கும், துணியும் மடங்கும் இடத்தில் வளைந்து கொடுக்கும். சாதா முதுகு மோசம் என்று சொல்ல மாட்டேன். குழந்தைச் சட்டைக்கு, மெல்லிய பாவாடைக்கு அதுவே நல்லது, கனம் குறையும். ஆனால் பேன்ட், ஜாக்கெட், பை, மெத்தை உறை என்று உரசல் வாங்குகிற எதற்கும் நான் ட்வில் முதுகுதான் எடுப்பேன்.

அதைவிட முக்கியமானது ரோமம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது. மாதிரிக்கு ஒரு சிறு துண்டு கேட்டு வாங்கி, வெட்டிய ஓரத்தில் ஒன்றிரண்டு ஊடை நூல்களை உருவிப் பார்த்தேன். ஒரு துணியில் ரோமக் கற்றை ஒரே ஒரு பாவு நூலைச் சுற்றி ‘V’ போல உட்கார்ந்திருந்தது. குண்டூசியால் முதுகுப் பக்கம் லேசாகக் கீறியதும் கற்றை அப்படியே முகத்துப் பக்கம் நழுவி வெளியே வந்துவிட்டது. இன்னொன்றில் அது மூன்று பாவு நூல்களுக்குள் கீழே, மேலே, கீழே என்று புகுந்து ‘W’ போலப் பிடித்திருந்தது. அதே குண்டூசி, அதே கீறல். நூல் அசைந்தது, வெளியே வரவில்லை. முழங்காலும் பின்பக்கமும் சீக்கிரம் வழுக்கையாகிப்போகும் பேன்ட்டுகளில் பெரும்பாலும் முதல் வகைப் பிடிப்புதான் இருக்கும். நூல் எண்ணும் லென்ஸ் இருந்தால் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். இல்லாவிட்டால் குண்டூசி போதும்.

நான் ஓரத்தில் உட்கார்ந்து இப்படிக் கீறிக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்த கடைக்காரர் உள்ளே போய் வேறொரு ரோலைத் தூக்கி வந்தார். “அப்படின்னா இதப் பாருங்க்கா. எக்ஸ்போர்ட் மிச்சம், கொஞ்சம் கனமா இருக்கும்.” காப்பிக்கொட்டை நிறம், ட்வில் முதுகு, ‘W’ பிடிப்பு. அதைத்தான் எடுத்தேன்.

இன்னும் இரண்டு சின்னச் சோதனை. செல்லோ டேப்பை முகத்தில் ஒட்டிச் சட்டென்று இழுங்கள். தூசு போலக் கொஞ்சம் பிசிறு வந்தால் பரவாயில்லை, அது துவைத்தால் போய்விடும். முழு நீளத்துக்கு ரோம இழைகள் ஒட்டி வந்தால் அந்தத் துணி வேண்டாம். அப்புறம் ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள். கரும்பச்சை, மெரூன், கறுப்பு நிறங்கள்தான் அதிகம் சாயம் விடும்.

வரியை எண்ணுவது

துணியின் குறுக்கே ஸ்கேலை வைத்து ஓர் அங்குலத்துக்குள் எத்தனை முகடு வருகிறது என்று எண்ண வேண்டும். அதுதான் வரி எண். எண் கூடக் கூட வரி மெலியும். அகல வரியாக இருந்தால் இரண்டு அங்குலத்துக்கு எண்ணிப் பாதியாக்கினால் சரியாக வரும்.

ஆறும் அதற்குக் கீழும் தடித்த வரி. சோபா உறை, திண்டு, பை, தைரியம் உள்ளவர்களுக்கு ஓவர்கோட். எட்டு வரி கனமான கோட்டுக்கும் குளிர்நாட்டுப் பேன்ட்டுக்கும் வசதி. 11 வரியைக் கண்ணை மூடிக்கொண்டு ஜாக்கெட்டுக்கு எடுக்கலாம். வரி கண்ணுக்குத் தெரியும், அதே நேரம் காலரை மடிக்க முடியும். 14 வரி பேன்ட்டுக்கும் நேர்வெட்டுப் பாவாடைக்கும். 16-இலிருந்து 21 வரை போனால் சட்டை, சுருக்கு வைத்த ஃபிராக், கைக்குழந்தை உடுப்பு. 21 வரியில் தூரத்திலிருந்து பார்த்தால் வரியே தெரியாது. தடவினால் வெல்வெட் மாதிரி இருக்கும்.

ஆனால் எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரே 14 வரியில் விறைப்பாக நிற்கும் துணியும் உண்டு, தளதளவென்று விழும் துணியும் உண்டு. ஒரு மீட்டர் அவிழ்த்து முன்கையில் தொங்கவிட்டுப் பாருங்கள். கையோடு ஒட்டி விழுந்தால் சட்டை, பாவாடை. கூடாரம் மாதிரி விரிந்து நின்றால் ஜாக்கெட், பை. எடையும் உதவும். நான் எடுத்தது 11 வரி, 147 செ.மீ. அகலம், இரண்டரை மீட்டர். வீட்டுத் தராசில் ஒரு கிலோ நூறு கிராம் காட்டியது. எடையைப் பரப்பளவால் வகுத்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிராம். லைனிங் முழுதாக வைக்காத ஜாக்கெட்டுக்கு இந்தக் கனம் அளவானது. மெல்லிய வரித் துணிகள் பொதுவாக 200 கிராம் அக்கம்பக்கத்தில் இருக்கும்.

சந்தையில் கார்டுராய் என்ற பெயரில் வேறு சிலவும் கிடைக்கும். வரி வரியாக ரோமம் எழுப்பிய பாலியஸ்டர் பின்னல் துணி ஒன்று இப்போது நிறைய வருகிறது. முகத்தைப் பார்த்தால் தெரியாது. திருப்பினால் பனியன் துணி போலக் கண்ணிகள் தெரியும், அகலவாக்கில் இழுத்தால் நீளும். வீட்டில் போடும் நைட் பேன்ட்டுக்கு நன்றாக இருக்கும், கோட்டுக்கு உருவம் நிற்காது. ஒரு நூலை உருவிக் கொளுத்தினால் பருத்தி காகிதம் எரிவது போல வாசம் வந்து மெல்லிய சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகக் கெட்டிப்படும். கடைக்குள் தீக்குச்சி கிழிக்காதீர்கள், துண்டை வெளியே கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டு சதவீதம் போல எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்த கார்டுராயும் உண்டு. ஓடியாடும் பிள்ளைகளின் பேன்ட்டுக்கு அதுதான் வசதி. ஆனால் அப்பாவின் ஜாக்கெட்டுக்கு இழுபடும் துணி தேவையில்லை.

சலவை, சாய்வு, வெட்டு

வெட்டுவதற்கு முன் துவைத்தே ஆக வேண்டும். நீளத்தில் 50 செ.மீ., அகலத்தில் 50 செ.மீ. நூலால் குறியிட்டு, உள்புறம் வெளியே வரும்படி மடித்து, குளிர்ந்த தண்ணீரில் தனியாகத் துவைத்து, முறுக்கிப் பிழியாமல் கொடியில் போட்டேன். காய்ந்ததும் நீளம் 48.5 ஆகியிருந்தது, அகலம் 49.5. நீளவாக்கில் மூன்று சதவீதச் சுருக்கம். 70 செ.மீ. நீள ஜாக்கெட்டில் இது இரண்டு செ.மீ.க்கு மேல். துவைக்காமல் தைத்திருந்தால் கை நீளமும் குறைந்திருக்கும். துணி வெளியேற்றும் பிசிறும் இந்த முதல் சலவையிலேயே நிறைய போய்விடும்.

அடுத்தது ரோமத்தின் சாய்வு. கார்டுராயின் எல்லாச் சங்கடமும் இங்கேதான். ரோமம் நேராக நிற்பதில்லை, நீளவாக்கில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கையால் தடவினால் ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் சொரசொரப்பு. துண்டை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பக்கத்தில் வைத்தால் நிறமே வேறாகத் தெரியும். ரோமம் மேல் நோக்கிச் சாய்ந்தால் வெளிச்சம் நுனிகளுக்குள் போய் நிறம் ஆழமாகும். கீழ் நோக்கிச் சாய்ந்தால் வெளிச்சம் பக்கவாட்டில் பட்டுத் திரும்பி, நிறம் வெளுத்து ஒரு மினுமினுப்பு வரும். ஒரு பக்க முன்பாகம் மேல் நோக்கியும் இன்னொன்று கீழ் நோக்கியும் இருந்தால் இரண்டு வேறு துணியில் தைத்தது போலவே இருக்கும். பகலில் ஜன்னல் பக்கம் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்தால்தான் இது சரியாகத் தெரியும், குழல்விளக்கு ஏமாற்றும்.

எந்தத் திசை நல்லது? நிறத்துக்காக மேல் நோக்கி வைக்கச் சொல்பவர்கள் அதிகம். நான் அப்பாவின் ஜாக்கெட்டுக்குக் கீழ் நோக்கி வைத்தேன். காலைப் பனியில் நடந்துவிட்டு வந்தால் நுண்துளிகள் துணி முழுக்க உட்கார்ந்திருக்கும். ரோமம் கீழ் நோக்கி இருந்தால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினாலே போய்விடும். தூசும் அப்படித்தான். நிறம் ஒரு சாயல் வெளுத்துத்தான் தெரிகிறது. தினமும் போடும் உடைக்கு அந்த விலை எனக்குச் சம்மதம். விசேஷத்துக்குப் போடும் பாவாடை என்றால் யோசிக்காமல் மேல் நோக்கித்தான் வைப்பேன்.

எல்லாப் பாகங்களும் ஒரே திசையில் போக வேண்டும் என்பதால், ஒன்றைத் தலைகீழாக வைத்து இடுக்கில் செருகித் துணி மிச்சம் பிடிக்கும் வித்தை இங்கே செல்லாது. சாதாரணத் துணியில் இரண்டு மீட்டரில் முடியும் ஜாக்கெட்டுக்கு இரண்டரை மீட்டர் வேண்டும். கணக்குப் போட்டு வாங்கும்போதே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துணியை இரண்டாக மடித்து வெட்டாதீர்கள். ரோமத்தோடு ரோமம் சேர்ந்தால் ஒன்றின் மேல் ஒன்று நழுவும், அடிப் பாகம் அளவு மாறிவிடும். முகம் கீழே, முதுகு மேலே இருக்கும்படி ஒற்றையாகப் பரப்பி, பழுப்புத் தாள் அளவுகளை ஒவ்வொன்றாக வைத்து, வலம் இடம் மாற்றிப் போட்டு வெட்டினேன். ஒவ்வொரு துண்டின் முதுகிலும் சாக்பீஸால் கீழ் நோக்கி ஓர் அம்புக்குறி. கை, காலர், பாக்கெட், பாக்கெட் மூடி எதையும் விடவில்லை. வெட்டிய பிறகு துண்டுகள் மேசையில் கலந்து கிடக்கும்போது இந்த அம்பு இல்லாவிட்டால் ஒவ்வொன்றையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வரிகளின் இடமும் முக்கியம். முதுகுப் பாகத்தின் நடுக்கோடு ஒரு வரியின் முகட்டின் மேலே ஓடும்படி வைத்தேன். காலரின் நடுவும் அப்படியே. இரண்டு முன்பாகங்களிலும் பட்டன் பட்டியின் ஓரம் பள்ளத்தில் முடியும்படி பார்த்துக்கொண்டேன். 11 வரியில் அரை வரி தள்ளினாலும் கண்ணுக்குப் படும். தோளின் மேல் வரும் துண்டான யோக்கை மட்டும் வரி குறுக்கே வரும்படி வெட்டினேன். வெளிச்சம் அதில் வேறு விதமாக விழுவதால் தனி அலங்காரமே தேவைப்படவில்லை. முழங்கைக்கு இரண்டு ஒட்டுகள், அவையும் குறுக்கு வரிதான். அப்பா மேசையில் முழங்கையை ஊன்றித்தான் பேப்பர் படிப்பார். ரோமம் தேய்ந்தாலும் ஒட்டை மட்டும் மாற்றினால் போதும்.

மெஷினில்

எங்கள் வீட்டில் இருப்பது மிதி மெஷின், நேர்தையல் மட்டும்தான். கார்டுராய்க்கு அதுவே தாராளம். 16-ஆம் எண் ஊசி, பாலியஸ்டர் நூல், தையல் நீளம் மூன்று மில்லிமீட்டர், அதாவது அங்குலத்துக்கு எட்டு ஒன்பது தையல். தையல் பொடியாக இருந்தால் ரோமத்துக்குள் புதைந்து துணியைச் சுருக்கும், பிரிக்க வேண்டி வந்தால் ரோமத்தையும் சேர்த்துப் பிடுங்கும். மெல்லிய வரிக்கு 14-ஆம் எண் ஊசி போதும், சட்டைத்துணி மாதிரி மெலிந்தால் 11.

மெஷின் பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். மேலே இருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் ஆயிற்று. பாதம் அழுத்தினால் வரி நசுங்கித் தடம் விழும். மேல்துணியும் முன்னால் தள்ளப்படும். முகத்தோடு முகம் சேர்த்துத் தைக்கும்போது ரோமங்கள் ஒன்றோடொன்று பல்லைப் பிடித்துக்கொண்டு நகரும். பக்கவாட்டுத் தையல் போல நீளமான இடத்தில் முடியும்போது ஒரு பக்கம் ஒரு செ.மீ. நீண்டு நிற்பது இதனால்தான். குண்டூசி மட்டும் போதாது. தையல் வரும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கையால் நூலோட்டிக்கொண்டேன். தைத்தது ரோமம் சாயும் திசையில், அதாவது அக்குளிலிருந்து கீழ் ஓரம் நோக்கி. இரண்டு பக்கத்தையும் ஒரே திசையில்தான் தைக்க வேண்டும். ஒன்றை மேலிருந்தும் இன்னொன்றைக் கீழிருந்தும் தைத்தால் ஜாக்கெட் முறுக்கிக்கொள்ளும். நூலோட்டலுக்கு நேரம் பிடிக்கும், ஆனால் இந்தத் துணியில் அதைத் தவிர்க்க வழியில்லை.

வெட்டிய ஓரங்கள் வேகமாகப் பிரியும். ஒவ்வொரு துண்டையும் வெட்டிய உடனே ஓவர்லாக் கொடுத்து வாங்கிவிட்டேன். மெஷினின் பாபின் கூண்டில் சேரும் பிசிறைப் பாபின் மாற்றும்போதெல்லாம் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தையல் விட்டு விட்டு விழும்.

கனம் சேரும் இடங்களில்தான் ஜாக்கெட்டின் அழகு தீர்மானமாகிறது. காலரின் மேற்பாகம் கார்டுராய், அடிப்பாகம் அதே நிறச் சாதா பருத்தி. பாக்கெட் மூடியின் உள்பக்கமும், யோக்கின் உள்பக்கமும் அதே பருத்திதான். காலர் ஓரத்தில் தையலுக்கு விட்ட துணியைப் படிப்படியாகக் கத்தரித்தேன், உள் அடுக்கு மூன்று மி.மீ., வெளி அடுக்கு ஆறு. இரண்டையும் ஒரே அளவில் விட்டால் ஓரத்தில் ஒரு கயிறு ஓடுவது போலத் தடித்துத் தெரியும். கைக்குள் மட்டும் வழுவழுப்பான லைனிங் வைத்தேன். உள்ளே முழுக்கைச் சட்டை போட்டிருந்தாலும் கை தடங்காமல் நுழையும், அப்பாவின் தோளுக்கு அதுதான் தேவை.

இஸ்திரியை முகத்தில் நேராக வைக்கவே கூடாது. நசுங்கிய ரோமம் பளபளவென்று தழும்பாக நிற்கும். மிச்சத் துணியில் ஒரு பெரிய துண்டை முகம் மேலே வரும்படி மேசையில் விரித்து, அதன் மேல் ஜாக்கெட்டின் முகம் படும்படி கவிழ்த்து, முதுகிலிருந்து ஆவியோடு மெல்ல ஒற்றி எடுத்தேன். ரோமத்துக்குள் ரோமம் புதைந்துகொள்வதால் நசுங்காது. தையலைப் பிளந்து படியவைக்க, ஆவி காட்டியவுடன் மரக்கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் போதும். காலருக்கு விறைப்புக் கொடுக்கும் பேஸ்டிங் துணியை ஒட்டும்போதும் இதே முறைதான், ஆனால் இஸ்திரியை இழுக்காமல் ஒரே இடத்தில் வைத்து வைத்து எடுக்க வேண்டும். எங்காவது நசுங்கிவிட்டால் கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் முகத்தைக் காட்டி, மெத்தென்ற டூத்பிரஷ்ஷால் சாய்வுக்கு எதிராக வாரிவிட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

காஜா எடுக்க ஊரில் தெரிந்த டெய்லரிடம் கொடுத்தேன். கொடுக்கும் முன் ஒரு விஷயம் பேசிக்கொண்டேன்: “அண்ணா, காஜா நெட்டுக்குத்தா, ரெண்டு வரிக்கு நடுப் பள்ளத்துல வரணும்.” முகட்டின் மேல் ஓடினால் மெஷின் வழுக்கி, காஜாவின் இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் வராது. அவர் மேலே ஒரு மெல்லிய பட்டர் பேப்பரை வைத்து எடுத்து, பிறகு அதைக் கிழித்துவிட்டார். ரோமம் பாதத்தில் சிக்காமல் இருக்க அது நல்ல உபாயம், அதை அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். பட்டன் 20 மி.மீ. சிரட்டை பட்டன். குளிரில் விரல் விறைத்திருக்கும்போது சின்ன பட்டனைப் போட முடியாது.

அதே கடையில் எடுத்த இன்னும் இரண்டு துணிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 16 வரியில் கடுகு மஞ்சள் நிறம், சாதா முதுகு. அண்ணன் மகளுக்குப் பினஃபோர் தைத்தேன். இடுப்பில் சுருக்கு அழகாக விழுந்தது. 11 வரியில் அதே சுருக்கை முயன்றால் இடுப்பு பொதபொதவென்று ஆகிவிடும், அதற்கு மடிப்புதான் வைக்க வேண்டும். இன்னொன்று ஆறு வரி, கரும்பச்சை, இரண்டு திண்டு உறைக்கு. தடித்த வரியில் தையல் விடும் ஓரத்தின் ரோமத்தைக் கத்தரிக்கோலால் மழித்துவிட்டுத் தைத்தால் மூலைகள் கூர்மையாகத் திரும்பும். ஜிப் வைக்கும் இடத்தில் இதைச் செய்யாமல் விட்டால் ரோமம் ஜிப்பில் மாட்டிக்கொண்டே இருக்கும்.

பராமரிப்பு சுலபம். உள்பக்கம் வெளியே திருப்பி, பட்டன் போட்டு, வெள்ளைத் துண்டுகளோடு சேர்க்காமல் துவைக்க வேண்டும். துண்டின் பிசிறு பள்ளங்களில் போய் உட்கார்ந்தால் எடுப்பது பெரும்பாடு. ஈரமாக இருக்கும்போதே நன்றாக உதறி, வரியோடு ஒரு தடவை பிரஷ் போட்டு நிழலில் காயவிட்டால் இஸ்திரியே தேவைப்படாது.

அப்பா இப்போது இதே துணியில் பேன்ட்டும் கேட்கிறார். “மிச்சம் இருக்குமேம்மா?” என்கிறார். மிச்சம் இருந்தாலும் இதில் தைக்கப் போவதில்லை. 11 வரியில், 300 கிராம் கனத்தில் பேன்ட் தைத்தால் நடக்கும்போது தொடைகள் உரசிச் சத்தம் வரும், முழங்கால் பை போலத் தொங்கும். 14 வரி, ட்வில் முதுகு, ‘W’ பிடிப்பு, 250 கிராமுக்குள் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். கடைக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கிடைத்தால் ரோமம் கீழ் நோக்கித்தான் வெட்டுவேன், முழங்காலுக்கு உள்ளே லைனிங் துண்டு ஒன்றும் வைத்து.